பதினோராவது பிளேடு

எங்கள் துறைக்கு ஒரு ஜெட் எஞ்சின் உண்டு,
ஆண்டுக்கு இரண்டு நாள்.

மற்ற நாட்களில் அது நாமக்கல்லில் இருக்கும்,
பெரம்பலூரில் இருக்கும்,
கோவையைத் தாண்டி ஏதோ ஓர் அறக்கட்டளையின்
புது பெயின்ட் வாசனைக்குள் இருக்கும்.
ஆய்வுக் குழு போகும் ஊருக்கு
அது ஒரு நாள் முன்னால் போய்விடும்.
எந்தக் காலத்திலோ பறந்திருக்கலாம்.
எனக்குத் தெரிந்து
பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில்
அதிகம் நின்ற எஞ்சின் அதுதான்.

கொண்டுவருபவர் தேசிங்கு.
சலானில் 'மாவு மில் உதிரிபாகம்' என்றிருக்கும்.
பொய்யா சார் என்பார்,
இதுவும் அரைக்கிறதுதானே, காத்த.

ஆய்வகத்தில் இறக்கி, துடைத்து,
மூக்குக் கூம்பில் எந்த ஊர் ஆயுத பூஜையோ
காய்ந்து கிடந்த சந்தனத்தைச் சுரண்டி,
இருப்புப் பதிவேட்டின் பதினான்காம் வரியை
இரண்டு நாளுக்கு உண்மையாக்குவேன்.

அந்த ஆண்டு வகுப்பில் ஒன்பது பேர்.
மீதிப் பேர் இரண்டாம் மாடிக்கு,
கணினிக்கு மாறிவிட்டார்கள்.
தஹசீன் மட்டும் மதியச் சாப்பாட்டுக்கும் போகவில்லை.
பேர்ணாம்பட்டில் தோலின் கனம் பார்க்கிறவர் மகள்.
அத்தாவின் கருவியைப் பையில் கொண்டுவந்து
முதல் வரிசையை ஒவ்வொன்றாக அளந்தாள்.
கருவிக்குத் தெரியாததை நகம் சொல்லிற்று.
பதினோராவது பிளேடு, அடியில்,
மயிரிழை.
சாக்பீஸால் வட்டமிட்டு எழுதினாள்:
இங்கே கீறல். 3 மி.மீ. பார்க்கவும்.

யாரைப் பார்க்கச் சொன்னாள் என்று
நான் கேட்கவில்லை.

குழு வந்தது. மூன்று பேர்.
தலைவர் எஞ்சினைத் தட்டிப் பார்த்து
இது ஓடுமா என்றார்.
முதல்வர் சொன்னார்:
ஓடிக்கொண்டே இருக்கும் சார்.
பிறகு ஆம்பூரிலிருந்து வந்த பிரியாணி.

அடுத்த ஆண்டு தார்ப்பாயை அவிழ்த்தபோது
சாக்பீஸ் இல்லை, அழியாத மார்க்கர்.
ஒன்றன்கீழ் ஒன்றாக, வேறு வேறு கையெழுத்தில்:

பார்த்தோம். 4 மி.மீ. (நாமக்கல்)
நாலரை.
நின்ற எஞ்சினில் கீறல் எப்படி வளரும்? அளவு தப்பு.
தப்பில்லை. சாயம் ஊற்றிப் பார்த்தோம், வேர்வரை போகிறது.
லாரியின் அதிர்வு காரணமாக இருக்கலாமா?
யாராவது கணக்குப் போடுங்கள்.
தயவுசெய்து இதை ஓட்டாதீர்கள்.
முதலில் எரிபொருள் வாங்கித் தரச் சொல்லுங்கள். (பெரம்பலூர்)

தஹசீன் சிரிக்கவில்லை.
தரையிலேயே உட்கார்ந்து
வாலாஜா முதல் வாணியம்பாடி வரை
எத்தனை வேகத்தடை என்று
தேசிங்குக்கு போன் போட்டாள்.
அவர் எண்ணி வைத்திருந்தார்.

இந்த ஆண்டும் ஆய்வு முடிந்தது.
துறையை மூடலாமா என்பது
வேறு ஒரு கோப்பில் இருக்கிறது.
எஞ்சின் கிளம்பி அரை மணி நேரத்தில் அழைப்பு:
அப்துல்லாபுரம் தாண்டல சார், டயர் போச்சு.

ஜாக்கியோடு போனேன்.
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பழைய பட்டியல் உண்டு.
விமானமில்லாத விமான நிலையம் என்று
நாங்களே ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம்.
அதன் கம்பிவேலியை ஒட்டி வண்டி.
உள்ளே ஓடுபாதை, நிலா வெளிச்சத்தில்,
நடுக்கோட்டின் மேல் ஒரு நாய் தூங்குகிறது.

ஸ்டெப்னி எடுக்கத் தார்ப்பாயை விலக்கினோம்.
ஓடுபாதைப் பக்கமிருந்து காற்று.
முதலில் ஒரு சின்ன டிக்.
பிறகு இன்னொன்று.
பிளேடுகள் நகர்ந்தன, மெதுவாக,
நாமக்கல் மேலே வந்தது, பெரம்பலூர் கீழே போனது,
பதினொன்று என்னைக் கடந்து போய்
மறுபடி வந்தது.

தேசிங்கு பின்னால் நகர்ந்தார்.
வேலியைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார்.
சார், என்றார் தணிந்த குரலில்,
எதுக்கும் அந்தச் சக்கரத்துக்கு
ஒரு கல்லு முட்டுக் குடுங்க.